வெளியில் போடும் மேசை நாற்காலி: கவிழ்த்துப் பார்த்து வாங்கும் முறை

கொல்லைப்புறத்தில் கிடக்கும் மேசை நாற்காலிகளை மழையைவிட, மழை விட்ட பிறகும் வடியாமல் தங்கும் நீரே அதிகம் கெடுக்கிறது. அதனால் அழகையும் நிறத்தையும் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை என்றால், அதன் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே 90 செ.மீ. அளவுக்கு இடம் இருந்தால்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ முடியும். மேசையின் அளவுக்கு ஒரு போர்வையை மடித்துத் தரையில் விரித்து, வீட்டிலுள்ள நாற்காலிகளை அதைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நெருக்கடி எங்கே வரும் என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பொருள். என் தேர்வு பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைத் தூவி, சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) செய்த அலுமினியம்: துருப்பிடிக்காது, ஒரே ஆள் தூக்கி நகர்த்தலாம். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் அந்த எடைக்குறைவே குறையாகிவிடும் என்பதால், அங்கே தேக்கு நல்லது. தேக்கு வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பலர் கெட்டுப்போனதாக எண்ணுகிறார்கள். அது மேற்பரப்பின் நிறமாற்றம் மட்டுமே, எண்ணெய் பூசியே ஆக வேண்டும் என்பதில்லை. இயற்கைப் பிரம்பு கூரைக்கு அடியில் மட்டும். பிளாஸ்டிக் என்றால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கலக்காதது வெளிறி, நொறுங்கத் தொடங்கும்.

இனி, கடையில் யாரும் தாமாகக் காட்டாத பகுதி. நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். சட்டம் எத்தனை நல்ல அலுமினியமாக இருந்தாலும், அதை இணைக்கும் போல்ட்டும் திருகாணியும் சாதா இரும்பாக இருந்தால், ஈரத்தில் இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிப்பு தொடங்கி, துளையைச் சுற்றிய பூச்சு கொப்பளித்து எழும். ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். திருகாணியில் அது பலமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒட்டாது, அல்லது லேசாகவே ஒட்டும். கடலோர வீடுகளுக்கு, உப்புக்காற்றை அதைவிட நன்றாகத் தாங்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே தகும். பிறகு கால்களைப் பாருங்கள். உட்குழலான கால்களின் அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா, ரப்பர் மூடி அதை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதைத் தடவியே அறியலாம். மரக்கால் என்றால், வெட்டுமுனை நேராகத் தரையில் படக்கூடாது. அந்த முனைதான் நீரை உறிஞ்சும்.

மெத்தைக்கு, நூலாக்கும் முன்பே சாயம் ஏற்றப்பட்ட அக்ரிலிக் துணி சீக்கிரம் வெளுக்காது. உறையைக் கழற்ற ஜிப் இல்லாத மெத்தையை நான் வாங்குவதில்லை.

பின்சேர்க்கை: மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இடைவெளி விட்டு, நடுவில் நீர் தேங்காதபடி மேசைமேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மூடுங்கள்.