வருஷக்கணக்கில் நின்ற டீசல் கேரவன்: சாவியைத் திருப்பும் முன்பே நடக்கும் தவறுகள்

மூன்று, நான்கு வருஷம் மரத்தடியில் நின்ற பழைய கேரவனுக்குப் பெரிய கேடு பெரும்பாலும் அதை எழுப்புகிற அன்றுதான் நடக்கிறது. புது பேட்டரி மாட்டி, செல்ஃப் அடித்து, இன்ஜின் ஓடினால் அப்படியே ரோட்டுக்கு எடுத்துவிடுகிறார்கள். நின்ற இன்ஜினில் ஆயில் முழுக்க வடிந்து சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கிடக்கும். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் காய்ந்து, சில வண்டிகளில் துருவும் பிடித்திருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்து விழும் கீறல் பிறகு எந்த ஆயில் ஊற்றினாலும் போகாது.

இங்கே சொல்வது, வேனில் கட்டிய கேரவன்களில் உள்ள, காமன் ரெயிலுக்கு (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் முறை) முந்தைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களுக்கு.

முதலில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருந்தால் அந்தப் பஞ்சும் தேங்காய் நாரும் நேரே இன்ஜினுக்குள் போகும். சைலன்சர் வாயில் குளவிக்கூடு இருக்கும். எலி கடித்த வயரைப் பார்க்காமல் பேட்டரியை இணைத்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

அடுத்து டீசல். டேங்க்கைப் பாதி காலியாக விட்டிருந்தால் உள்சுவரில் ஈரம் வேர்த்து, தண்ணீர் அடியில் தங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கிருமி வளர்ந்து கறுப்பாகக் கொழகொழவென்று படியும். டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் கோடு தெரிந்தாலோ கறுப்புத் துணுக்கு மிதந்தாலோ டேங்க்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். மேலே புது டீசலை ஊற்றிச் சமாளிக்கப் பார்த்தால் அந்த அழுக்கெல்லாம் பம்ப்புக்கும் டீசல் தெளிக்கும் நாசிலுக்கும் போகும். ஃபில்டர் செலவு சில நூறு, பம்ப் வேலை பல ஆயிரம். ஃபில்டர் மாற்றியபின் டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள்.

பழைய ஆயிலை இறக்கி, புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். இறக்கிய ஆயில் டீக்கடைப் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹீட்டர் பிளக்குகளை (ஸ்டார்ட் ஆவதற்கு சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 15 மில்லி ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுழலும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று. இறுக்கமாக இருந்தால் பைப் மாட்டி இழுக்காதீர்கள், இன்னொரு நாள் ஊறட்டும். பிளக் இல்லாமலே சுற்றுவது, மிச்ச ஆயில் வெளியேறத்தான். அது உள்ளே தங்கினால் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும்.

பிறகு டீசல் போகாதபடி, பம்ப்பின் ஸ்டாப் சோலினாய்டு வயரைக் கழற்றிவிட்டு (ஸ்டாப் கேபிள் உள்ள வண்டியில் அதை இழுத்துப் பிடித்து) செல்ஃபைப் பத்து நொடி அடித்து, ஒரு நிமிஷம் ஓய்வு விடுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை இப்படியே. அதன்பிறகுதான் பிளக்குகளையும் கழற்றிய வயரையும் மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. பிளக்கின் சூட்டில் நேரத்துக்கு முன்பே வெடிக்கும்.

பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போடுங்கள். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் போதும். ரேடியேட்டரில் போர் தண்ணி வேண்டாம், உப்பு படிந்து அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி.

இன்ஜின் ஓடிவிட்டதும் எல்லோரும் மறப்பது பிரேக். எங்கள் கணக்கில் இன்ஜினைவிட இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துச் சிக்கும். பிரேக் லைனர் சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டும். ஒட்டிய சக்கரத்தை இன்ஜின் பலத்தால் இழுத்தால் லைனர் பெயர்ந்துவிடும். வண்டி உருளாதபடி மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியின்மேல் மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம் ஓரத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் விடுபடும். வீல் சிலிண்டர் கிட்டும் ரப்பர் ஹோஸும் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றுங்கள். பிளீட் செய்யும்போது (பெடலை மிதித்துப் பிரேக் லைனிலுள்ள காற்றை வெளியேற்றும்போது) பெடலுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். பெடல் தரைவரை போனால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் இதுவரை உரசாத துருப்பகுதியில் உரசிக் கிழியும். நேற்று நன்றாயிருந்த பிரேக் இன்று இறங்குவது இப்படித்தான்.

டயரில் கட்டை (ரோட்டில் படும் வரிப்பகுதி) நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் 3217 என்றிருந்தால் அது 2017-இன் 32-ஆம் வாரம் செய்தது. ஏழு வருஷம் தாண்டியதை ஸ்டெப்னியோடு சேர்த்து மாற்றுங்கள். கேரவனில் பாரம் எப்போதும் ஏறியே இருக்கிறது.

உள்ளே கேஸ் டியூபை ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கதவைத் திறந்து வைத்தே சோதியுங்கள்.

ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருந்தால், முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர் போதும். நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இன்னும் பிடித்திருக்கிறது. 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.