வெர்நாட்சாவுக்கு முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், சின்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து ஊர்களில் ஒன்று வெர்நாட்சா. சின்னப் படகுத்துறை, தேவாலயம், தோரியா கோட்டைக் கோபுரம், ஒரு முக்கியத் தெரு, ஊர் அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றி இங்கே பேச்சில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

ஒரே நாளில் ஐந்து ஊர்

வேண்டாம். இரண்டு போதும்.

ரயிலில் உட்கார்ந்தே இருப்பது

லா ஸ்பெட்சியாவுக்கும் லெவாந்தோவுக்கும் இடையே ஓடும் உள்ளூர் ரயிலில்தான் வர வேண்டும். நெடுந்தூர விரைவு ரயில்கள் வெர்நாட்சாவில் நிற்காமல் போய்விடும். நடைமேடையின் இரு முனையிலும் சுரங்கம் இருப்பதால் நீளமான ரயில் வந்தால் சில பெட்டிகள் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். "வெளியே இருட்டாக இருக்கிறதே, ஊர் இன்னும் வரவில்லை போல" என்று உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த ஊரில் போய் இறங்கிய கதை ஏராளம். நின்றதும் இறங்கிவிடுங்கள். காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன்பே நிலையத்து இயந்திரத்தில் முத்திரை போடுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

கற்சுவரில் ஏறுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. 1997-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஊர்களோடு அவற்றைச் சுற்றிய மலைச்சரிவையும் சேர்த்தது. செங்குத்தான சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் மணற்கல்லில் சுவர் எழுப்பி, அதில் திராட்சையும் ஒலிவமும் வளர்த்திருக்கிறார்கள். பல நூற்றாண்டு உழைப்பு. படம் எடுக்க வருகிறவர் அதன்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரிக்கிறார்!

அந்தச் சுவரில் சாந்து கிடையாது. அடியில் பெரிய கல். மேலே போகப்போக மலைப்பக்கம் சற்றே சாயும் வாட்டம். முகப்புக் கல்லுக்குப் பின்னால் ஜல்லி போலச் சிறுகல் நிரப்பு. மழைத் தண்ணீர் அந்தச் சிறுகல் வழியே இறங்கி, கல்லிடுக்கில் கசிந்து வெளியேறும். சுவர் நிற்பதே இந்தக் கசிவால்தான். மேல்வரிசைக் கல் ஒன்று பெயர்ந்தால் மண் உள்ளே சரிந்து சிறுகல் இடுக்கை அடைக்கும். அடுத்த மழையில் தண்ணீர் பின்னால் தேங்கி அழுத்த, சுவர் வயிறு தள்ளும். பிறகு ஒருநாள் மொத்தமாகச் சரியும். அதை மறுபடி கட்ட வண்டியா வரும்? குறுகலான பாதையில் கல்லைக் கையால்தான் தூக்க வேண்டும், கட்டத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் மலையிலிருந்து இறங்கிய சேறு முக்கியத் தெருவையே நிரப்பியது. ஊரில் மூவர் இறந்தார்கள். மழை அசாதாரணமானதுதான். ஆனால் பராமரிப்பின்றி விடப்பட்ட படிநிலங்களில் மண்சரிவு அதிகம் என்று பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டார்கள். அந்தத் தெருவுக்கு அடியில் மூடப்பட்ட ஓடை ஒன்று ஓடுகிறது என்பதும் நடக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே சுவரில் உட்காராதீர்கள், பையைச் சாய்த்து வைக்காதீர்கள், குறுக்குவழி என்று தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். எதிரே ஆள் வந்தால் மலையோரமாக ஒதுங்கி நில்லுங்கள், சுவர் விளிம்பில் கால் வைக்க வேண்டாம். படிநிலங்களை நிதானமாகப் பார்க்க 508-ஆம் எண் பாதையில் ரெஜ்ஜோ மாதா திருத்தலம் வரை ஏறலாம். சுமார் ஒரு மணி நேர ஏற்றம், கட்டணமில்லை. பக்கத்து ஊர்களான மொன்தெரொஸ்ஸோவுக்கும் கொர்னீலியாவுக்கும் போகும் கரையோரப் பாதைக்குத்தான் கட்டண அட்டை வாங்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். காவல் ஆள் இல்லையென்று உள்ளே நுழைவது மடத்தனம்.

செருப்பு

மலைப்பாதையில் ரப்பர் செருப்புக்கு அபராதம் உண்டு. பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

தேவாலய வாசலைத் தேடுவது

1318-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பேசப்படும் புனித மார்கரீத்தா ஆலயம் கடலை ஒட்டி நிற்கிறது. வழக்கம்போல மேற்கு முகப்பில் வாசலைத் தேடிச் சுற்றுகிறார்கள். சதுக்கத்தை ஒட்டிய பீடப் பக்கத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும். தோள் மூடிய உடையும் வேண்டும்.

ஷக்கெத்ராவை மடக்கென்று குடிப்பது

பறித்த திராட்சையை நவம்பர் வரை நிழலில் உலர்த்திப் பிழியும் இனிப்பு ஒயின் இது. விலை அதிகம், பாட்டில் சின்னது. சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் கொஞ்சம் போதும்.

திரும்பும்போது படகை மட்டும் நம்புவது

கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, குளிர்காலத்தில் சேவையே இல்லை. கொர்னீலியாவில் எப்போதுமே படகு நிற்காது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.