காலையில் கடம்பர், அந்தியில் ஈங்கோய்: காவிரிக் கரையில் ஒரு நாள்

இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து திருச்சிப் பக்கம் போகிறவர்கள் பலர் முசிறி, துறையூரில் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு, ஶ்ரீரங்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் 'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்' என்ற பழைய வரிசையில் மூன்று கோயில்களையும் பார்த்துவிடலாம். இந்தியாவுக்கு ஈ-விசா எடுத்துப் பிரிண்டும் வைத்திருங்கள். இலங்கைக் காசைத் திருச்சியிலேயே மாற்றிவிடுங்கள், கிராமத்தில் மாறாது.

திருச்சியிலிருந்து கரூர் போகும் ரயிலோ பஸ்ஸோ குளித்தலையில் நிற்கும். கடம்பவனேசுவரர் காவிரியைப் பார்த்து, வடக்கு நோக்கி இருக்கிறார். கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சப்தகன்னியர் இருப்பார்கள், தீபாராதனை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். குளிப்பதென்றால் படித்துறையோடு சரி. மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது, மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் இங்கே மழையில்லாத நாளிலும் ஏறும்.

அடுத்து தெற்கே சில மைல் தள்ளி, மத்தியானச் சொக்கர் இருக்கும் ஐயர்மலை, 1017 படி. சிவனொளிபாதமலை ஏறிய கால்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே இரவில், குளிரில் ஏறுகிறோம். இங்கே வெயிலில் வெறுங்காலோடு ஏற வேண்டும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கல் சுடும். பழைய மேஸ் (காலுறை) ஒரு சோடி கொண்டுபோங்கள், தலைக்கு ஈரத் துவாய், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். 9 மணிக்கு ஏறத் தொடங்கினால் நல்லது. 2024இல் திறந்த ரோப் கார் உண்டு, காற்று பலமானால் ஓடாது. பையைக் குரங்குக்குக் காட்டாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டுப் பாலம் தாண்டி முசிறிக்கு வாருங்கள். கோயில்கள் பெரும்பாலும் மத்தியானம் அடைத்து 4 மணிபோலத்தான் திறக்கும். அந்த இடைவெளிக்கு ஶ்ரீநிவாசநல்லூர்க் கொரங்கநாதர் கோயில் இருக்கிறது, முதலாம் பராந்தகன் காலத்துச் சோழர் வேலை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. வெளிச்சுவரைச் சுற்றினாலே போதும். தென்சுவர்த் தட்சிணாமூர்த்தி முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மூன்று கோயிலையும் விட இதுதான் மனதில் நிற்கும் என்பது எங்கள் எண்ணம்.

கடைசியாக ஈங்கோய்மலை. அகத்தியர் ஈ வடிவில் வழிபட்ட மலை என்பது தலபுராணம். படிகள் ஏறக்குறைய ஐயர்மலையில் பாதிதான். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள், டோர்ச் கையில் இருக்கட்டும். கார்த்திகை மாதத் திங்கட்கிழமைகளில் இதே வரிசையில் கூட்டம் அலைமோதும். அந்த நாளில் போவதென்றால் ஐயர்மலைக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஒதுக்குங்கள்.