புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். ப்ளூ டாங் மீன்மேல் பொடியுப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பதறிப்போய்க் கடைக்காரர் கொடுத்த மருந்தை ஊற்றுவோம். நாலைந்து நாளில் புள்ளி காணாமல் போகும். மருந்து கேட்டுவிட்டது என்று நானும் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் அதே மீன்மேல் முன்பைவிட அதிகப் புள்ளி.

இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் இருந்து, தின்று கொழுத்துத் தானாகவே உதிர்ந்துவிடும். பிறகு மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும். இதற்குப் போடும் தாமிர மருந்து கொல்வது இந்தக் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதும் கூட்டுக்குள் இருப்பதும் தப்பிவிடும். அதனால்தான் புள்ளி போன பிறகும் மருந்தளவு குறையாமல் ஒரு மாதம் வைக்கச் சொல்கிறார்கள்.

அந்தத் தாமிரத்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றுவது அடுத்த தவறு. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துப்போகும். பாறை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. மணல், பாறை இல்லாத தனித்தொட்டி போதும். மீன் ஒளிய இரண்டு பிவிசி குழாய்த்துண்டு போடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது இழுத்துவிடும். கண்ணளவில் ஊற்றாமல் டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். சாதாரணத் தாமிரத்துக்கு (காப்பர் சல்பேட்) லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் போதும். கீலேட் செய்த, அதாவது தாமிரத்தை வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்து வைத்த வகைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். இரண்டையும் குழப்பினால் மீன் போய்விடும். தனித்தொட்டியில் அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டும் திரவங்கள் சில, தாமிரத்தோடு சேர்ந்தால் விஷமாகும்.

எல்லா மீனையும் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும், நோய் தெரிகிற ஒன்றை மட்டும் அல்ல. பெரிய தொட்டி மீனே இல்லாமல் கிடக்கட்டும்; ஒட்ட மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி செத்துப்போகும். 76 நாள் என்பது வளர்ப்பவர்கள் பரவலாக வைக்கும் கணக்கு. பவளமும் இறாலும் அதில் தாராளமாக இருக்கலாம். பூண்டுச்சாறு பசியைத் தூண்டலாம், ஒட்டுண்ணியை விரட்டும் என்று நம்பாதீர்கள்.

புள்ளி அவ்வளவாக இல்லாமல், மீன் வேகவேகமாக மூச்சுவிட்டு, பம்ப் நீர் பாயும் இடத்திலேயே நின்றால் அது வெல்வெட் என்னும் வேறோர் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்; இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகும்.

வலையும் இரண்டு வேண்டும். ஈரவலை ஒன்றைக்கொண்டே இரண்டு தொட்டியிலும் துழாவினால் 76 நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.