மூடாக்கு என்றால் என்ன, எப்படிப் போடுவது?

செடியைச் சுற்றி வெறுமையாகக் கிடக்கும் மண்ணைச் சருகு, வைக்கோல், காய்ந்த புல் என ஏதாவது ஒன்றால் மூடி வைப்பதுதான் மூடாக்கு. தட்டைப்பயறு மாதிரி படரும் பயிரை விதைத்து மண்ணை மூடினால் அது உயிர் மூடாக்கு. பிளாஸ்டிக் தாள் விரிப்பதையும் மூடாக்கு என்றே சொல்கிறார்கள். களை அடங்கும், ஈரமும் நிற்கும். ஆனால் அது மக்கி மண்ணோடு சேராது. அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சருகைத்தான் சொல்வேன்.

1. முதலில் களையை வேரோடு எடுத்துவிடுங்கள். மூடாக்குக்கு அடியில் வெளிச்சம் கிடைக்காததால் பல களை விதைகள் முளைக்காது. ஆனால் கோரை அடங்காது, கிழங்கிலிருந்து குத்திக்கொண்டு மேலே வரும்.

2. மண் நனையத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடிவிட்டால், பிறகு தெளிக்கும் கொஞ்சத் தண்ணீரைச் சருகே குடித்துவிடும்.

3. சருகோ வைக்கோலோ 7 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். சில வாரங்களில் தானாக அமுங்கிவிடும். பச்சைப் புல்லை அப்படியே கனமாகக் கொட்டாதீர்கள். சூடேறி, அடை அடையாக ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. வெயிலில் உலர்த்திப் போடுங்கள். விதை பிடித்த புல் வேண்டவே வேண்டாம்.

4. இதை மட்டும் மறக்காதீர்கள்: தண்டை ஒட்டிப் போடக் கூடாது. சிறு செடி என்றால் சுற்றிலும் 5 செ.மீ., மரம் என்றால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடித்தண்டு எப்போதும் ஈரமாகவே இருந்தால் பட்டை அழுகும், பூஞ்சை பிடிக்கும். மரத்தின் அடியில் குப்பையைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும், உடனே விலக்கிவிடத் தோன்றும்.

5. அப்புறம், தினமும் பழக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சருகை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

சில வாரங்கள் கழித்து அடிச்சருகைத் தூக்கிப் பார்த்தால் கறுத்து, நரம்பு மட்டும் மிஞ்சி, தொட்டாலே உதிரும். இடையில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். நோய் என்று பயந்து அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சருகை மக்க வைக்கும் பூஞ்சைதான் அது. உயரம் 5 செ.மீ.க்குக் கீழே போனதும் மேலே புதுச் சருகு சேருங்கள்.

விதை தூவிய பாத்திக்கு இப்போதே போட வேண்டாம். நாற்று அரைச் சாண் வளரட்டும்.