தூரத்துப் போரும் நம் அவசரமும்: உக்ரைன் விஷயத்தில் உலகம் செய்த தவறுகள்

2022 பிப்ரவரி 24 அதிகாலை ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அந்த நாட்டை வரைபடத்தில் சட்டென்று காட்டத் தெரியாதவர்கள்கூட அன்று மாலைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடித்தார்கள். அந்தத் துடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேகத்தில் செய்த காரியங்கள் பல உக்ரைன் மக்களுக்குப் பயன்படவில்லை, சில அவர்களுக்கே இடைஞ்சலாகப் போயின. நாளைக்கு வேறொரு நாட்டின் மேல் படையெடுப்பு நடந்தாலும் (நடக்காமல் இருக்கட்டும்) இதே தவறுகள் ஏறக்குறைய இதே வரிசையில் வரும். அதனால் உக்ரைனை வைத்தே பேசிவிடலாம். ஒவ்வொன்றிலும் நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: இது அங்கே இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா, அல்லது செய்தவரின் மனப்பாரத்தை இறக்கி வைத்ததோடு முடிந்ததா?

பார்த்ததும் பகிர்வது

முதல் வாரம் உலகமெங்கும் சுற்றிய வீடியோக்களில் கணிசமானவை உக்ரைனில் எடுக்கப்பட்டவையே இல்லை. 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் வான்பாதுகாப்புத் தாக்குதல் என்று போயின. ரஷ்ய விமானங்களைத் தனியாளாகச் சுட்டு வீழ்த்திய 'கீவின் பேய்' என்ற விமானியின் வீடியோ, 'டிசிஎஸ் வேர்ல்டு' என்ற விமான விளையாட்டிலிருந்து எடுத்தது. ஏப்ரல் கடைசியில் உக்ரைன் விமானப்படையே அந்த விமானி மக்கள் உருவாக்கிய கற்பனை நாயகன் என்று சொல்லிவிட்டது. ரஷ்யச் சிப்பாயை எதிர்த்து நிற்கும் உக்ரைன் சிறுமி என்று வந்தது, 2012-ல் இஸ்ரேலிய வீரரிடம் சண்டைக்குப் போன பாலஸ்தீனச் சிறுமியின் வீடியோ.

நாம் ஆதரிக்கும் தரப்புக்குச் சாதகமான பொய் என்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டது என்னவென்றால், மார்ச் 9 அன்று மரியுபோலில் மகப்பேறு மருத்துவமனை குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, காயங்களோடு வெளியே வந்த கர்ப்பிணியைப் பார்த்து 'இவர் நடிகை' என்று ரஷ்யத் தூதரகமே ட்விட்டரில் எழுத முடிந்தது. அதை நம்பவும் நிறையப் பேர் தயாராக இருந்தார்கள். அதே தாக்குதலில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்ட இன்னொரு கர்ப்பிணியும் அவருடைய குழந்தையும் இறந்துபோனார்கள். நாலு போலி வீடியோ பார்த்து ஏமாந்தவனுக்கு ஐந்தாவதாக வரும் உண்மை வீடியோ மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு பகிர்கிற பழக்கமும், எல்லாமே நாடகம் என்று கையை விரிக்கிற பழக்கமும் ஒரே சோம்பலில் பிறந்தவைதான். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படத்தேடலில் போட்டால் பழைய சரக்கில் பெரும்பகுதி மாட்டிக்கொள்ளும். பிப்ரவரிக் குளிரில் மரங்கள் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அதுகூட வேண்டாம்.

அதிகாரிகள் சொன்னாலும் போரின் முதல் நாட்களில் எதுவும் உறுதி கிடையாது. கருங்கடலில் உள்ள உக்ரைனின் பாம்புத் தீவில் இருந்த காவல் வீரர்கள் அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அதிபர் ஜெலென்ஸ்கியே அறிவித்தார். நாலைந்து நாட்களில் அவர்கள் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று உக்ரைன் கடற்படை சொன்னது.

இதைவிட ஆபத்தானது உண்மையான வீடியோவை அவசரமாகப் பகிர்வது. உக்ரைன் படை வாகனங்கள் எந்தத் தெருவில் நிற்கின்றன, வான்பாதுகாப்பு எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் படங்கள் எதிரிக்கும்தான் தெரிகின்றன. கீவில் ரெட்ரோவில் என்ற வணிக வளாகம் மார்ச் 20 இரவு தாக்கப்பட்டு எட்டுப் பேராவது இறந்தார்கள். அந்த வளாகத்தின் அருகே ராணுவ வாகனங்கள் நின்றதை டிக்டாக்கில் போட்டிருந்த ஒருவரை உக்ரைன் பாதுகாப்புத் துறை பிடித்தது. அதே மாதம் படை நடமாட்டத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கி அங்கே சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, இடத்தைக் கண்டுபிடித்துப் பெருமையாகக் கமெண்டில் எழுதுகிறவரைத் தொடாது. அதனால் அவராகவே கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மூட்டை கட்டி அனுப்புவது

போலந்து எல்லையில் மெதிகா என்ற சோதனைச்சாவடி இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளி ப்ஷெமிஷ்ல் நகரம். மார்ச் நடுப்பகுதிக்குள் போலந்துக்கு மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வேன்களில் சாமான்கள் வந்து இறங்கின. பழைய துணி மலையாகக் குவிந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க முடியாது என்பதுதான் உண்மை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பெட்டி, அடுத்து எந்த ரயில் என்றே தெரியாத ஒரு பெண் யாரோ உடுத்திய கோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? அவளுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது போன் சார்ஜர், சிம் கார்டு, டயப்பர், ரயில் நேரம் சொல்ல ஒரு ஆள். துணியைப் பிரித்து, அளவு பார்த்து அடுக்க ஆள் வேண்டும், கிடங்கு வேண்டும், மிஞ்சியதை அப்புறப்படுத்த லாரி வேண்டும். அத்தனையும் உதவிக்கு என்று இருந்த ஆட்களின் நேரத்திலிருந்து போனது.

பணம் கொடுப்பது கொஞ்சம் உயிரற்ற காரியமாகத் தோன்றும், ஒப்புக்கொள்கிறேன். கம்பளியை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது கிடைக்கும் நிறைவு வங்கிச் செயலியில் கிடைக்காது. ஆனால் அங்கேயே பக்கத்துக் கடையில் வாங்கினால் அதே காசுக்கு வேண்டியது வேண்டிய அளவில் அன்றைக்கே கிடைக்கும். வண்டி வாடகையும் மிச்சம்.

பொருளுக்குப் பதில் தாங்களே கிளம்பிப் போனவர்கள் வேறு. பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டவர் வந்து போரிடலாம் என்று ஜெலென்ஸ்கி அழைத்தார். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் விமானம் ஏறினார்கள். மார்ச் 13 அன்று வெளிநாட்டவர் பலர் தங்கியிருந்த யாவோரிவ் பயிற்சித் தளத்தின் மேல் ஏவுகணைகள் விழுந்தன. 35 பேர் இறந்ததாக உக்ரைன் அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு போர் அனுபவம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லும் நிலை வந்தது.

வீட்டில் இடம் கொடுக்கிறேன் என்று முன்வந்தவர்களின் மனசு பெரியது. அந்தக் கூட்டத்துக்குள் வேறு நோக்கத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். பெர்லின் ரயில் நிலையத்தில் இளம்பெண்களை மட்டும் குறிவைத்து அறை தருவதாகப் பேசும் ஆண்களைப் பற்றி ஜெர்மன் போலீஸ் எச்சரித்தது. பிரிட்டனில் தனியாக வரும் பெண்களைத் தனியாக வாழும் ஆண்களோடு இணைக்காதீர்கள் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு கேட்டுக்கொண்டது. உதவ நினைக்கிறவரிடம் அடையாள அட்டை கேட்டால் அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

யாருக்கு என்று தெரியாமல் பணம் போடுவது

வீடுகளில் அறை வாடகைக்கு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி தளத்தில், உக்ரைனில் அறை பதிவு செய்து, போகாமலேயே வாடகையை வீட்டுக்காரருக்குக் கொடுப்பது என்று ஒரு யோசனை பரவியது. மார்ச் 2, 3 ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் 61,000-க்கும் மேற்பட்ட இரவுகள் பதிவாயின. நிறுவனமும் தன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. அழகான யோசனைதான். ஆனால் ஏழெட்டு ஃபிளாட்டுகளை வாடகைக்கு விடும் கம்பெனிக்கும், நேற்று முளைத்த கணக்குக்கும் இதே வழியில் பணம் போனது. வாடகைக்கு விட வீடே இல்லாத உக்ரைன்காரருக்கு இதில் ஒன்றுமில்லை. பழைய விமர்சனங்கள் இருக்கிறதா, ஒரே ஒரு வீடுதான் வைத்திருக்கிறாரா என்று பார்த்தவர்களின் பணம் உருப்படியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தது. படையெடுப்பு நடந்த அன்றே உக்ரைன் தேசிய வங்கி ஒரு சிறப்புக் கணக்கு தொடங்கியது. அது ராணுவத்துக்கானது. மனிதாபிமான உதவிக்கு வேறொரு கணக்கு சில நாட்கள் கழித்துத்தான் வந்தது. 'உயிரோடு திரும்பி வா' என்ற பெயர் கொண்ட உக்ரைன் அறக்கட்டளையை, இணையத்தில் நிதி திரட்ட உதவும் பேட்ரியான் தளம் படையெடுப்பு நடந்த அன்றைக்கே நீக்கியது, அது படையினருக்குத் தளவாடம் வாங்கும் அமைப்பு என்பதால். ராணுவத்துக்குக் கொடுப்பதா கூடாதா என்பது அவரவர் முடிவு. குழந்தைக்குப் பால் பவுடர் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு, போனது ட்ரோனுக்கு என்று பிறகு தெரிந்தால் அதை நாம் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 26 அன்று உக்ரைன் அரசின் ட்விட்டர் கணக்கு நன்கொடை அனுப்ப கிரிப்டோ (மின்நாணய) முகவரிகளை வெளியிட்டபோது, கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்களோ என்று விவரம் தெரிந்தவர்களே திகைத்தார்கள். அது நிஜம்தான். ஆனால் அதைப் பார்த்துப் போலி முகவரிகளோடு மின்னஞ்சல்கள் கிளம்பிவிட்டன. யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டாமல், அமைப்பின் தளத்துக்கு நாமே போய்க் கொடுப்பது ஒன்றே வழி. நம் ஊரிலிருந்து கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்: வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது.

கையில் அகப்பட்டவரைத் தண்டிப்பது

அமெரிக்காவில் பார்க்காரர்கள் ஸ்டோலிச்னயா வோட்காவைக் கேமரா முன்னால் சாக்கடையில் ஊற்றினார்கள். அங்கே விற்ற ஸ்டோலிச்னயா லாட்வியாவில் தயாரானது. அதன் முதலாளி புதினின் அரசோடு பகைத்து வெளியேறிய மனிதர். கடைசியில் அந்தக் கம்பெனி பெயரையே 'ஸ்டோலி' என்று சுருக்கிக்கொண்டது. ரஷ்யப் பெயர் வைத்த உணவகங்களுக்கு மிரட்டல் அழைப்புகள் போயின. அவற்றில் சிலவற்றின் உரிமையாளரோ சமையல்காரரோ உக்ரைன்காரர்கள். பன்னாட்டுப் பூனைச் சங்கம் ஒன்று ரஷ்யாவில் பிறந்த பூனைகளைத் தன் பதிவேட்டில் சேர்க்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. பூனைகள் என்ன பதில் சொல்லின என்று தகவல் இல்லை.

அதே நாட்களில் ரஷ்யாவுக்குள்ளேயே தெருவில் இறங்கியவர்கள் இருந்தார்கள். மார்ச் 6 அன்று ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச்செய்தி' சொன்னால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் அதற்கு இரண்டு நாள் முன்புதான் வந்திருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு 'ரஷ்யர்கள் ஏன் பேசவில்லை' என்று எழுதுவதற்கு ஒரு விலையும் கிடையாது.

அங்கே இருப்பவரிடம் பேசும் விதம்

இந்தியர்களுக்கு இது வெறும் தூரத்துச் செய்தி அல்ல. சுமார் 20,000 இந்திய மாணவர்கள் அப்போது உக்ரைனில் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவர்களில் ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் பதுங்கறையிலும் மெட்ரோ நிலையத்திலும் இருந்தபோது இங்கே என்ன பேசினோம்? 'நீட் பாஸ் பண்ண முடியாமல்தானே அங்கே போனார்கள்', 'முன்னாடியே கிளம்பியிருக்க வேண்டியதுதானே'. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களில் பெரும்பாலோர் இங்கே தகுதித்தேர்வில் தோற்கிறார்கள் என்று மத்திய அமைச்சர் ஒருவரே அந்த நேரம் பார்த்துச் சொன்னார். அந்தப் புள்ளிவிவரத்துக்கு வேறு ஒரு நாள் இருந்தது. மார்ச் 1 அன்று கர்நாடகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் உக்ரைனின் கிழக்கில் உள்ள கார்கிவ் நகரில் சாப்பாட்டுக்காகக் கடைக்குப் போன இடத்தில் தாக்குதலில் இறந்தார்.

அதைவிடப் பெரிய தவறு, இங்கிருந்து வழி சொன்னது. 'போலந்து பக்கம் நடந்து போயிடு தம்பி' என்று எத்தனை பேர் சொன்னார்கள்! கார்கிவிலிருந்து போலந்து எல்லை சுமார் ஆயிரம் கிலோமீட்டர். முன்னறிவிப்பில்லாமல் எல்லைச் சாவடிகளுக்குப் போகாதீர்கள் என்று இந்தியத் தூதரகமே பிப்ரவரி 26 அன்று சொன்னது. அதற்குள் நிறையப் பேர் ஷெகினி எல்லையில் பனியில் நாள்கணக்காகக் காத்துக்கிடந்தார்கள், அடியும் வாங்கினார்கள். மார்ச் 2 அன்று அதே தூதரகம், கார்கிவிலிருந்து உடனே வெளியேறுங்கள், வண்டி இல்லையென்றால் நடந்தாவது பெசோசின், பபாய், பெஸ்லுதிவ்கா ஆகிய இடங்களுக்கு மாலை 6 மணிக்குள் போய்விடுங்கள் என்றது. நிலைமை நாளுக்கு நாள் அப்படி மாறியது. ஏதோ ஒரு குழுவில் முந்தாநாள் வந்த ஃபார்வர்டை அனுப்பினால் அது ஆளைத் தவறான பக்கம் நடக்க வைத்துவிடும்.

போனும் சார்ஜும் அங்கே உயிர்நாடி. மாமா, சித்தி, பழைய டீச்சர் என்று ஆளுக்கு ஒரு தடவை அழைத்தால் பேட்டரி காலி. வீட்டில் ஒருவர் மட்டும் பேசி மற்றவர்களுக்குச் சொல்வது, 'பதில் போட வேண்டாம், சும்மா சொல்கிறேன்' என்று ஒரு வரி அனுப்புவது, இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். 'பயமா இருக்கா?' என்று கேட்டு, பயத்தில் இருப்பவரே நமக்கு ஆறுதல் சொல்லும்படி வைப்பதைவிட நல்லது.

நம்ப மறுக்கும் உறவினர் விஷயம் தனி. கீவில் உணவகம் நடத்திவந்த மீஷா கட்சூரின், ரஷ்யாவில் இருக்கும் தன் அப்பாவிடம் குண்டு விழுகிறது என்று போனில் சொன்னார். இல்லை, ரஷ்ய வீரர்கள் மக்களுக்கு உதவுகிறார்கள் என்று அப்பா அவருக்கே விளக்கினார். மகன் கத்திப் பார்த்துவிட்டு, தன்னைப் போல் இருந்தவர்களுக்காக 'அப்பா, நம்பு' என்ற பெயரில் ஒரு தளமே தொடங்கினார், உறவினரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர. தொலைக்காட்சி சொல்வதைப் பெற்ற மகன் சொல்வதற்கு மேல் நம்பும் ஒருவரை, நாம் முகநூல் கமெண்டில் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம்.

மூன்றாம் வாரத்தில் மறந்துவிடுவது

கொடுப்பவர்களின் கை மார்ச்சில் தாராளமாக இருந்தது. அக்டோபர் 10 அன்று ரஷ்யா மின்நிலையங்களைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கியது. குளிர்காலம் எதிரில், வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. அப்போது வேண்டியிருந்தது ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், பவர் பேங்க். 2023 ஜூன் 6-ல் ககோவ்கா அணை உடைந்தபோது குடிநீரும் படகும். இவை எதுவும் முதல் வாரத்தில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. இருப்பதையெல்லாம் முதல் மாதமே கொட்டிவிடாமல் மாதம் ஐந்நூறு ரூபாயாக ஒரு வருடத்துக்குக் கொடுப்பவரை உதவி அமைப்புகள் விரும்புவது இதனால்தான். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒரு ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது என்று அவர்களால் இப்போதே திட்டம் போட முடியும்.