கவலையை விண்ணப்பமாக்குவது எப்படி? ஒரு நோட்டு, இருபது நிமிடம்

"கவலைப்படாதே, ஜெபம் பண்ணு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. அரை மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு எழும்போது பாரம் முன்பைவிடக் கூடியிருக்கிறது என்பவர்களுக்காக இந்தச் செய்முறை. அவர்கள் செய்வது பெரும்பாலும் ஜெபம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கவலைப்படுவது. "ஆண்டவரே" என்று ஆரம்பித்து, பணம், கடன், மாமியார், ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஒரு சுற்று சுற்றி, "ஆமென்" என்று முடித்தால், சுற்றியதற்கு முன்னும் பின்னும் இரண்டு சொல் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெபம் என்றால் என்ன, யாரை நோக்கி என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கே எழுதுகிறேன். நேராக வேலைக்கு வருவோம்.

தேவையானவை

கோடு போட்ட 40 பக்க நோட்டு ஒன்று, பேனா, அச்சிட்ட வேதாகமம். போனில் வேதாகமம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அதே போனில்தான் பேங்க் மெசேஜும் வருகிறது. இந்த இருபது நிமிடத்துக்கு அது அடுத்த அறையில் இருக்கட்டும்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையும் இப்போதைக்கு வேண்டாம். அட்டை தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல முடிவைத் தருவேன் என்று சொல்லும் எரேமியா 29:11ஐ அட்டையில் படித்து அடுத்த வாரமே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள், அதற்கு முன் 10ஆம் வசனத்தில், பாபிலோனில் "எழுபது வருஷம்" என்று இருப்பதைப் பார்ப்பதில்லை. கவலையில் இருக்கும்போது துண்டு வசனம் வேண்டாம், முழுப் பகுதியாகப் படியுங்கள். பிலிப்பியர் 4:4-9 போதும். திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்களுக்கும் அதே எண்தான்.

நேரம்: சாயங்காலம், இரவுச் சாப்பாட்டுக்கு முன். படுக்கையில் படுத்தபடி ஆரம்பிக்காதீர்கள். களைத்த மூளை எதையும் பெரிதாகத்தான் காட்டும்.

படி 1: முதலில் சாப்பாடும் தூக்கமும்

1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொல்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்புதான் வருகிறது. மூன்று இரவு தூங்காதவர் நான்காவது இரவு முழு இராத்திரி ஜெபத்துக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படி 2: கொட்டுங்கள்

ஐந்து நிமிடம். மனதில் இருப்பதை வரிசை பார்க்காமல் எழுதுங்கள். வேத நடையில் எழுத வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரி எழுதுங்கள். சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறது, இரண்டே வசனத்தில் அந்தச் சொல் நான்கு முறை வருகிறது. அங்கே தாவீது கவலைக்குச் சொல்லும் பெயரும் நல்ல பெயர்: "என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன்." தனக்குத்தானே கமிட்டி கூட்டிக்கொள்வது.

படி 3: ஒரே வாக்கியம்

பெரும்பாலோர் விழுவது இங்கேதான், அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

பிலிப்பியர் 4:6 ஒன்றுக்கும் கவலைப்படாமல் "உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. தாலுகா அலுவலகத்தில் மனு எழுதியிருப்பீர்கள். பெறுநர் யார், நிலவரம் என்ன, கேட்பது என்ன? இந்த மூன்றும் இல்லாத மனுவை யாரும் வாங்க மாட்டார்கள். கவலைக்கு இந்த மூன்றுமே கிடையாது, அது யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இதற்கு நல்ல மாதிரி யூதாவின் ராஜா எசேக்கியாவின் ஜெபம் (2 இராஜாக்கள் 19:14-19). கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் பட்டணங்களைப் பிடித்துவிட்டு எருசலேமை மிரட்டிக் கடிதம் அனுப்புகிறான். எசேக்கியா அதை வாசித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரிக்கிறார். பிறகு ஜெபிக்கிறார், மொத்தம் ஐந்து வசனம். முதலில் பெறுநர்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர். அடுத்து நிலவரம்: "மெய்தான் கர்த்தாவே," அசீரியர் மற்ற தேசங்களை அழித்தது உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறார். கடைசியில் கேட்பது, ஒரே வசனம்: அவன் கைக்கு எங்களை நீங்கலாக்கி இரட்சியும்.

அந்த "மெய்தான்" முக்கியம். எதிர்மறையாக வாயால் சொல்லக்கூடாது என்று பயந்து நிலவரத்தையே மறைத்து ஜெபிக்கிறவர்கள் உண்டு. மறைத்தது உள்ளேயேதான் இருக்கும், இரவில் எழுப்பும்.

ஒரு உதாரணம். படி 2இல் "பையன் படிப்பு என்ன ஆகுமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். இது விண்ணப்பம் இல்லை, புகைமூட்டம். "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். பீஸ் கட்ட முடியாது. எவ்வளவு? 35,000. கையில்? 23,000. என்றைக்குள்? ஜூன் 10. இப்போது எழுதுங்கள்: "பிதாவே, ஜூன் 10க்குள் 12,000 ரூபாய் குறைகிறது, மெய்தான். அதற்கு வழி திறந்தருளும். நாளைக்கு முன்பணம் கேட்க எனக்குத் தைரியம் தாரும்." கவலை சின்னதாகிவிடவில்லை, ஆனால் ஓரம் தெரிகிறது. ஓரம் தெரிகிற பாரத்தைத்தான் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியும்.

சில கவலைக்கு எவ்வளவு கேட்டாலும் தொகையும் தேதியும் வராது. "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்" என்பது அப்படி ஒன்று. அதை நாளையத்தினத்தின் கணக்கில் எழுதுங்கள் (மத்தேயு 6:34). இன்றைக்கு அதற்காகக் கேட்க வேண்டியது இன்றைய பெலன் மட்டுமே.

ஒரு நாளைக்கு மூன்று விண்ணப்பத்துக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் அது மறுபடி படி 2 ஆகிவிடும்.

படி 4: ஸ்தோத்திரம்

அதே பிலிப்பியர் 4:6 "ஸ்தோத்திரத்தோடே" என்கிறது. "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்" என்று வேகமாகச் சொல்லித் தாண்டிவிடாதீர்கள். இன்று நடந்த மூன்று காரியத்தை எழுதுங்கள், இன்று நடந்ததாக மட்டுமே இருக்க வேண்டும். மழைக்கு முன் துணி காய்ந்தது போதும். வந்த கஷ்டத்துக்கே நன்றி சொல்லும்படி மனதை முறுக்க வேண்டியதில்லை. பவுல் இதை எழுதியது காவலில் இருந்தபடி. அந்தக் கட்டுகளை அவர் இனிப்பாக்கிச் சொல்லவில்லை.

படி 5: வைத்துவிடுதல்

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). "வைத்துவிடுங்கள்" என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின் மேல் போட்டது (லூக்கா 19:35). போட்ட பிறகு சுமப்பது கழுதைக்குட்டி. சங்கீதம் 94:19இல் கவலைக்கு "விசாரங்கள்" என்றே பெயர். நம் விசாரம், அவர் விசாரிப்பு: தமிழில் இரண்டும் ஒரே வேர்.

கையால் ஒன்று செய்யுங்கள். விண்ணப்பத்தின் கீழே தேதி போட்டு, நோட்டை மூடி, வேதாகமத்துக்கு அடியில் வையுங்கள். சிலருக்கு இது சின்னப்பிள்ளை வேலை மாதிரி தெரியும். எசேக்கியா கடிதத்தை விரித்ததும் அப்படித்தான்.

படி 6: ஜாமக்காரர்

நெகேமியா 4:9ஐப் படியுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டினவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இராப்பகலாக ஜாமக்காரரைக் காவலும் வைத்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பக்கத்தில் நாளைக்கு உங்கள் கை செய்ய வேண்டிய ஒரு வேலையை எழுதுங்கள். "முன்பணம் கேள், காலை 11." வேலை எதுவும் இல்லையென்றால் "காத்திரு" என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். காலி இடத்தில் கமிட்டி மறுபடி கூடும்.

இரவு இரண்டு மணிக்கு விழித்தால்

நோட்டைத் திறக்காதீர்கள், புதிதாக எதையும் அலசாதீர்கள். சங்கீதம் 4:8 ஒன்று போதும். மூச்சு உள்ளே போகும்போது "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு", மெதுவாக வெளியே விடும்போது "நித்திரை செய்வேன்." இருபது முறை. அப்படியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

பின்னால் சேர்த்தவை

*நேற்று வைத்துவிட்ட கவலை இன்று திரும்ப வருகிறதே, விசுவாசம் இல்லையா?* பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). அதே வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள், தேதியை மட்டும் புதிதாகப் போடுங்கள். வாக்கியம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள், அது மறுபடி கவலையாகிறது.

*கவலையே வரக்கூடாதா?* பிலிப்பியர் 4:6இல் கவலைக்கு உள்ள அதே கிரேக்கச் சொல்தான் 2:20இல் பவுலின் உடன் ஊழியர் தீமோத்தேயு சபையை உண்மையாய் "விசாரிக்கிறதற்கு" இருக்கிறது, அங்கே அது பாராட்டு. அக்கறையை அணைக்க யாரும் சொல்லவில்லை.

*வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போடலாமா?* இருநூறு பேர் உள்ள குழுவில் வேண்டாம். ஆறுதலோடு வதந்தியும் ஆலோசனையும் சேர்ந்து வரும். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த இரண்டு பேரிடம் அந்த ஒரே வாக்கியத்தைக் கொடுங்கள்.

*மாத்திரை எடுப்பது அவிசுவாசமா?* பவுலோடு பயணம் போனவர்களில் ஒருவர் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" (கொலோசெயர் 4:14). மாதக்கணக்கில் பெரும்பாலான நாள் கவலை அடங்காமல், தூக்கமும் வேலையும் கெட்டால், அல்லது திடீர் படபடப்பும் மூச்சுத்திணறலும் வந்தால், டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நோட்டு, படி எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். மனநல உதவிக்கான போன் எண்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. போதகரிடம் சொல்வதும் டாக்டரிடம் சொல்வதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், சமாதானம் வந்துவிட்டது என்று தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

*முடிந்த பக்கங்களைக் கிழித்துவிடலாமா?* வேண்டாம். மாதக் கடைசியில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நடந்ததற்கு டிக் போடுங்கள். வேறு விதமாக நடந்ததற்கு எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். இன்னும் நடக்காதவற்றைப் புதிய பக்கத்துக்கு மாற்றும்போது முதல் தேதியையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள்.